டிபென்டன்ட் அப்பா

டிபென்டன்ட் அப்பா என்பவர் அமெரிக்காவில் ஜனவரிக் கடைசியில் தலைகாட்டி, ஏப்ரல் 15-ஆம் தேதியோடு மறைந்துவிடும் இனம். எடிசனிலும் ஃப்ரீமான்டிலும் டாலஸைச் சுற்றிய ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இவருக்குப் பஞ்சமே இல்லை. மற்ற மாதங்களில் மகன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்றுகூட இவருக்குத் தெரியாது. கம்பெனி சம்பளச் சான்றான டபிள்யூ-2 கொடுத்த அன்று ராத்திரி, வருமான வரிக்கான 1040 படிவத்தில் ‘டிபென்டன்ட்ஸ்’ (தம்மைச் சார்ந்து வாழ்பவர்கள்) என்ற கட்டத்தைப் பார்த்ததும்தான் தமக்கு ஒரு குடும்பம் இருக்கிற ஞாபகம் வரும்.

முதலில் மனைவியின் பெயரை எழுதப் பார்ப்பார். செல்லாது. அந்த நாட்டு வரிச்சட்டப்படி மனைவி கணவனுக்கு டிபென்டன்ட் ஆகவே முடியாது; இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடலாம், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிப்பு மாதிரி சமையலறையில் போய்ச் சொன்னால், “இப்பத்தான் தெரிஞ்சுதா?” என்று பதில் வரும்.

அடுத்து ஊரிலிருக்கும் அம்மா. மாதாமாதம் எவ்வளவு பணம் அனுப்பினாலும் பலனில்லை. டிபென்டன்ட் என்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். விதிவிலக்கு கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும். மெக்சிகோவில் ஓர் அத்தை இருந்தால் வழியுண்டு, மேலூரில் அம்மா இருந்தால் கிடையாது. அம்மா ஆறு மாதம் வந்து தங்கும் வருஷத்தில் இவர் காலண்டரும் கையுமாக நாட்களை எண்ணுவார். ஒரே வருஷத்தில் 183 நாள் ஆகிவிட்டால் வரிக்கணக்கில் பொதுவாக அம்மாவும் அமெரிக்கவாசிதான். ஆனால் அம்மா ரிட்டயர்ட் தலைமையாசிரியை, பென்ஷன் மாதம் 40,000 ரூபாய். பெற்றோரை டிபென்டன்டாகக் காட்ட 2024-க்கான வருமான வரம்பு 5,050 டாலர். பென்ஷன் அதைத் தாண்டிவிடுகிறது. “என் பென்ஷன்ல நான் சாப்பிடறேன். உனக்கு நான் எதுக்குடா டிபென்டன்ட்?” என்று அம்மா கேட்பது சட்டப்படியும் சரி.

மிச்சம் மகன். வயது இருபது, கல்லூரியில் மூன்றாம் வருஷம், காபிக்கடையில் பகுதிநேர வேலை, வருஷ வருமானம் 9,000 டாலர். “நான்தான் வேலைக்குப் போறேனேப்பா, நான் எப்படி டிபென்டன்ட்?” என்பான். நியாயமாகத்தான் படுகிறது, சட்டம் மட்டும் அப்பா கட்சி. பிள்ளை முழுநேர மாணவனாக, வருஷக் கடைசியில் 24 வயது நிரம்பாதவனாக இருக்க வேண்டும். பாதி வருஷத்துக்கு மேல் அப்பா வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் கழித்த நாளும் வீட்டில் கழித்த நாளாகவே கணக்கு. தன் செலவில் பாதிக்கு மேல் அவனே செய்திருக்கக் கூடாது. எவ்வளவு சம்பாதித்தான் என்ற கேள்வியே இந்த இடத்தில் இல்லை. யார் காசில் சாப்பிட்டான் என்பதுதான் கேள்வி. ஒன்பதாயிரத்தையும் அப்படியே பாங்கில் போட்டுவிட்டு அப்பா சோற்றைத் தின்றவன் சந்தேகமில்லாமல் டிபென்டன்ட்.

இதை நிரூபிக்க அப்பா ஒரு மஞ்சள் நோட்டில் நடுவே கோடு கிழிப்பார். இடப்பக்கம் மகன் செலவு: பர்கர், ஷூ, கான்சர்ட் டிக்கெட். வலப்பக்கம் தம் செலவு: கல்லூரிக் கட்டணம், மருத்துவம், சாப்பாடு, சோனா மசூரி மூட்டையில் ஐந்தில் ஒரு பங்கு. அறைக்கு வாடகை மதிப்பும் போடுவார். இதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. தரை தெரியாமல் அழுக்குத் துணி கிடக்கும் அந்த அறைக்கு மாதம் 900 டாலர் யார் கொடுப்பார்கள் என்று மனைவி கேட்பதை நோட்டில் எழுதுவதில்லை.

இத்தனை பாடும் 500 டாலர் வரிச்சலுகைக்குத்தான். 2017-இல் தலைக்கு 4,050 டாலரை வருமானத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. 2018 முதல் அது பூஜ்யம். 17 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் 2024-இல் 2,000 டாலர் வரை வரிச்சலுகை உண்டு. இவன் வயது அதைத் தாண்டிவிட்டது. கல்லூரிப் படிப்புக்கென்று 2,500 டாலர் வரை இன்னொரு சலுகை இருக்கிறது. தம்பதியின் வருமானம் 1,80,000 டாலரை எட்டினால் அதுவும் போச்சு. இருவரும் ஐடி வேலையில் இருக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

இந்த இனத்துக்குப் பெரிய முன்னோர்கள் உண்டு. டிபென்டன்டாகக் காட்டும் பிள்ளைகளில் ஐந்து வயது முடிந்தவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம் என்று 1986-இல் சட்டம் வந்தது. 1987-ஆம் வருஷக் கணக்கில் அமெரிக்கா முழுக்கச் சுமார் 70 லட்சம் டிபென்டன்ட்கள் காணாமல் போனார்கள். அவர்களில் நாய், பூனைகளும் இருந்ததாகப் பேச்சு. நம் அப்பா அந்த அளவுக்குப் போகிறவர் அல்ல, பிள்ளை நிஜப் பிள்ளைதான்.

ஆனால் பிள்ளை முந்திக்கொள்வான். சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க, பிப்ரவரியிலேயே பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பத்து நிமிஷத்தில் ரிட்டர்ன் போட்டுவிடுவான். ‘இன்னொருவர் உங்களை டிபென்டன்டாகக் காட்ட முடியுமா?’ என்ற கட்டத்தில் டிக் போடமாட்டான். போட்டாலும் அவனுக்கு நஷ்டமில்லை. ஒன்பதாயிரம் சம்பாதிக்கும் டிபென்டன்டுக்கும் வருமான வரி பூஜ்யம்தான். மானப் பிரச்சினை, அவ்வளவே. மார்ச்சில் அப்பா அனுப்பும் ரிட்டர்ன் சில மணி நேரத்தில் திரும்பி வரும்: மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே வேறொரு ரிட்டர்னில் இருக்கிறது.

தன் ரிட்டர்னைச் சரிசெய்ய மகன் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவன் கேட்கும் தொகை 250 டாலர்.