கிரீன் ரூமில் கடப்பா

பாட்டைக் கேட்டோமா, கைதட்டினோமா, கேன்டீனில் ஒரு ரவா தோசையைத் தின்றோமா, வீடு போய்ச் சேர்ந்தோமா என்று இருப்பவர்கள் உத்தம ரசிகர்கள். அவர்களால் வித்வான்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. நான் சொல்ல வருவது இன்னொரு ரகம். கேட்டால் மட்டும் போதாது, கிட்டே போய் நாலு வார்த்தை பேசினால்தான் ஜன்மம் கடைத்தேறும் என்று ராத்திரி ரயிலேறி வருகிறவர்கள். கும்பகோணத்தில் எங்கள் கோஷ்டி அந்த ரகம்.

கோஷ்டித் தலைவர் என் சித்தப்பா. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வித்வானையும் முத்திரை குத்தாமல் விடமாட்டார். அடுத்து சித்தி. அப்புறம், ஊரே 'சார்' என்று கூப்பிடும் முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. கடைசியாக நான். டிக்கெட் எடுப்பதும் பை தூக்குவதும் என் பொறுப்பு. என் சங்கீத ஞானத்துக்கு அதற்கு மேல் உத்தியோகம் தர முடியாது என்பது சித்தப்பாவின் தீர்ப்பு.

எங்கள் வித்வான் யார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த மார்கழியில் அவர் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிடுவார். பெரிய வித்வான், நல்ல மனுஷர், தோடிக்குப் பேர்போனவர் என்பது மட்டும் போதும்.

என்ன பேசுவது என்று முடிவு பண்ணுவதிலேயே கார்த்திகை மாதம் முழுக்கப் போயிற்று. சார் ஒரு முழுத்தாளில் மார்ஜின் போட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"என்ன சார், கேள்வித்தாளா?" என்றார் அண்ணாச்சி.

"ஒரே கேள்விதான். தோடியில பஞ்சமத்தைத் தொடாம தாவித் தாவிப் போறாரே, அது முன்கூட்டியே தீர்மானம் பண்றதா, பாடும்போது தானா வர்றதா?"

"அ, ஆ, இன்னு உட்பிரிவெல்லாம் போட்டிருக்கே?"

"பதில் தெளிவா வரணும்ல?"

தோடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ராகத்தில் பஞ்சமம் உண்டு. ஆனால் அதை ஒதுக்கிவிட்டுப் பாடும் பிடிகளில்தான் அதன் அழகே இருக்கிறது என்று கேட்டுப் பழகியவர்கள் சொல்வார்கள். சார் கேட்டுப் பழகியவர். எனக்கு அந்த இடம் வந்தால் தெரியாது. சார் தொடையில் அடித்துக்கொள்வதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

அடுத்த பிரச்சினை, என்ன கொண்டு போவது. பொன்னாடை என்றார் சித்தப்பா. "அவங்க வீட்டு அலமாரியை ஏற்கெனவே சாத்த முடியாம இருக்கும்" என்று சித்தி அதைத் தள்ளுபடி செய்தாள். வெற்றிலை வாடிவிடும். காபிப்பொடி கொடுத்தால் கௌரவமாக இருக்காது. கடைசியில் அண்ணாச்சி, "நாச்சியார்கோவில் விளக்கு ஒண்ணு குடுப்போம். ஊர்ப்பேர் சொல்லும்" என்றார். எல்லோரும் ஆஹா என்றார்கள். நாச்சியார்கோவில் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே வார்க்கும் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு எல்லாம் உண்டு. அந்த விளக்கை அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றலாம். கழற்றினால் கனம் குறையாது என்பதை எழும்பூர் வரைக்கும் நான் அறிந்துகொண்டேன்.

உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்ததும் சார் சரித்திரத்தை ஆரம்பித்தார். வித்வானைத் தேடிப் போகிற மரபு நாம் கண்டுபிடித்ததில்லை என்றார். கேரளத்தில் ராமமங்கலத்துக்காரர் ஷட்கால கோவிந்த மாரார். ஆறு காலத்தில் பாடக்கூடியவர், அதனால்தான் அந்தப் பட்டம். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் மலை தாண்டித் திருவையாற்றுக்கு வந்து தியாகராஜரைப் பார்த்தார். அவர் பாடியதைக் கேட்டு உருகித்தான் 'எந்தரோ மகானுபாவுலு' பிறந்தது என்று கர்ண பரம்பரையாக ஒரு கதை.

"அவர் விளக்கு ஏதாவது கொண்டு போனாரா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஏழு தந்தி வெச்ச தம்பூரா கொண்டு போனாராம்."

"அதைத் தூக்க ஆள் இருந்திருக்கும்" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு இந்தக் கதையில் ஒரு மனக்குறை உண்டு. ஆறு காலத்தில் பாடுகிறவர் ஒரு மகானைப் போய்ப் பார்த்தால் அதற்குப் பெயர் சந்திப்பு. ஆதி தாளத்தின் எட்டை ஏழரையில் முடித்துவிடுகிற நாங்கள் ஐந்து பேர் போய் நின்றால் அதற்குப் பெயர் கூட்டம். இதைச் சொன்னேன். சித்தப்பா மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டார்.

என்னைக் கேட்டால் எங்கள் ரகத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடத்தக்கவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்தான். அவருக்குப் பிடித்த வித்வானும் தியாகராஜரே. சிக்கல் என்னவென்றால் தியாகராஜர் காலமானது 1847இல். இந்த அம்மாள் பிறந்ததே 1878இல். சந்திப்புக்கு வழியே இல்லை. திருவையாற்றில் சமாதி பாழடைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். தன் சம்பாத்தியத்தையும் நகையையும் போட்டு இடம் வாங்கி, கோயில் எழுப்பி, 1925இல் கும்பாபிஷேகம் செய்தார். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று ஆண்கள் கோஷ்டி கட்டினால், பின்பக்கம் தனியாகப் பெண்களைக் கூட்டிவைத்துப் பாடினார். 1952இல் இறந்தபின் அவருக்கும் அங்கேயே, தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி, சமாதி. இத்தனைக்கும் பதிலாக 'சந்தோஷம்' என்று ஒரு வார்த்தை கூட அந்த அம்மாளுக்கு வித்வானிடமிருந்து வரவில்லை. செல்ஃபியும் கிடைக்கவில்லை. எங்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு இந்த ஆசை வந்ததே விசித்திரம். எங்கள் தாத்தாக்கள் வித்வானைத் தேடி எங்கும் போனதில்லை. வித்வான் சுவாமி புறப்பாட்டோடு வீட்டு வாசலுக்கே வந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிக்கிறார் என்றால் சுவாமியை மறந்துவிட்டு நாகஸ்வரத்தின் பின்னால் விடிய விடிய நடந்தவர்கள் உண்டு. மேடையும் கிடையாது, மேடைக்குப் பின்னால் என்று ஓர் இடமும் கிடையாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் கடுக்கன் மின்னுவது வரைக்கும் தெரியும். பட்டணத்தில்தான் சபாக்கள் வந்தன. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் பேசி முடித்து, 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. மேடை, திரை, டிக்கெட், நம்பர் போட்ட நாற்காலி எல்லாம் வந்தன. திரை என்று ஒன்றைக் கட்டிவிட்டால் அதற்குப் பின்னால் போய்ப் பார்க்காமல் தமிழனுக்குத் தூக்கம் வராது.

தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. வெளியூர் ரசிகனுக்கு மார்கழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. விடியற்காலையில் எழும்பூரில் இறங்குகிறான். தான் பார்க்க வந்த கச்சேரி சாயங்காலம். நடுவில் அத்தனை நேரத்தை என்ன செய்வது? காலையில் விளக்கவுரையுடன் ஒரு நிகழ்ச்சி, மத்தியானம் இலவசக் கச்சேரி, அதற்கப்புறம் இன்னொன்று. நடுநடுவே கேன்டீன். காசி அல்வா, வாழைப்பூ வடை, ஸ்பெஷல் சாப்பாடு என்று இலையில் விழுவதை எல்லாம் சித்தப்பா முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் எங்கள் வித்வான் மேடையேறி வர்ணத்தை எடுக்கும்போது, ராத்திரி ரயிலும் மத்தியானப் பாயசமும் ஏசிக் குளிரும் ஒன்றுசேர்ந்து எங்கள் வரிசையைப் பதம் பார்த்தன.

முதலில் சாய்ந்தவர் அண்ணாச்சி. அவர் நியாயமானவர், குறட்டை விடவில்லை. அடுத்து சித்தப்பா, ஆனால் அவர் தலையாட்டிக்கொண்டே தூங்கியதால் மேடையிலிருந்து பார்க்க மகா ரசிகர் போலத் தெரிந்திருப்பார். சார் எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. வித்வான் பிரதான ராகமாகத் தோடியைத்தான் எடுத்தார். அரை மணிக்கு மேல் பாடினார். என்னைப் போன்றவனுக்கே அன்றைக்கு ஏதோ புரிந்தது. கிருதி, நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் ஆகி, பாதிச் சபை கேன்டீனைப் பார்த்து எழுந்து போகும் தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கத்தில் விழுந்த ஒரு பலத்த அடியில் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தோடி வருமா?" என்று சித்தியிடம் கேட்டார்.

"வந்துட்டுப் போயாச்சு சார்" என்றாள் சித்தி.

மங்களம் பாடி முடித்ததும் ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஓடியவர்கள் நிறைய. கிரீன் ரூம் என்பது பெயருக்குத்தான் ரூம். அந்த இடத்தில் ஒரு கண்ணாடி, நாலு நாற்காலி, ஊரில் உள்ள அத்தனை ரசிகர்கள். வரிசையில் நின்றபடி முன்னால் நடப்பதைக் கவனித்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது: இவர்களில் ஒருவர்கூட வித்வான் பேசுவதைக் கேட்க வரவில்லை. அவர் தங்களைக் கேட்கவேண்டும் என்று வந்திருக்கிறார்கள்.

ஒருவர் வித்வானுடைய குருநாதர் பாடிய பழைய கச்சேரி ஒன்றை வர்ணித்து, "அது மாதிரி வராது சார், ஆனா நீங்களும் நல்லா பாடறீங்க" என்றார். ஓர் அம்மாள் தன் பெண்ணை முன்னால் தள்ளி, "பாடுடி" என்றாள். அது அந்த இடத்திலேயே ஸ்ருதியில்லாமல் ஒரு பல்லவியைப் பாடிற்று. இன்னொருவர் மைக் சரியில்லை என்று அவரிடமே புகார் சொன்னார். ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டார். எல்லோருக்கும் வித்வான் கைகூப்பிச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "சந்தோஷம்."

அவர் நிலைமையை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இரண்டரை மணி நேரம் பாடியிருக்கிறார். ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. பிளாஸ்க்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. பாடுகிற நாளில் வயிறு முட்டச் சாப்பிட முடியாது. ஆகவே நல்ல பசி. ஒரு மூலையில் வயலின் வித்வான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். மிருதங்கக்காரர் உறையை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தோடிக்கு வயலினில் வந்த பதிலைக் கேட்டுக் கைதட்டிய கூட்டம் இப்போது அவர் காலை மிதித்துக்கொண்டு நின்றது.

எங்கள் முறை வந்தது. சார் தாளைப் பிரித்தார். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாங்க கும்பகோணத்துலேர்ந்து..." என்றார்.

வித்வான் முகம் மாறிவிட்டது. "கும்பகோணமா! கடப்பா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!"

சித்தப்பாவுக்கு வார்த்தை வரவில்லை. சித்திக்கு வந்தது. "வீட்டுக்கு வாங்களேன், பண்ணிப் போடறேன்."

"இங்க ஓட்டல்ல கடப்பான்னு ஒண்ணு குடுக்கறான்மா, குருமாவுக்குத் தண்ணி ஊத்தின மாதிரி. பயத்தம்பருப்பு போடணும் இல்லையா?"

"பயத்தம்பருப்பு இல்லாம கடப்பாவா? உருளைக்கிழங்கை வேகவெச்சு மசிச்சுக்கணும். ரொம்ப மசிக்கக்கூடாது. தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, பச்சைமிளகாய், சோம்பு. சோம்பு கம்மியா."

"கம்மின்னா?"

சித்தி ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்த்து அளவு காட்டினாள். வித்வான் அதை அப்படியே திருப்பிக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "மேல எலுமிச்சம்பழம்?" என்றார். "இறக்கினப்புறம்தான். கொதிக்கும்போது பிழிஞ்சா கசந்துடும்" என்றாள் சித்தி. அன்று அந்த அறையில் அவர் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிய ஒரே ஆள் சித்திதான். சார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அண்ணாச்சி விளக்கை எடுத்தார். அங்கேயே உட்கார்ந்து அடியையும் தண்டையும் பூட்ட ஆரம்பித்தார். வித்வான் சிஷ்யப் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை, "காலையில ஃபிளைட் இருக்கு, சார்" என்று தயங்கினான்.

"அதனால என்ன? வீட்டு அட்ரஸ் குடுங்க, நானே கொண்டாந்து வைக்கிறேன்" என்றார் அண்ணாச்சி.

மேடையில் எத்தனையோ இக்கட்டான தாளத்தை அசராமல் சமாளித்த மனுஷர் அந்த ஒரு கணம் ஆடிப்போனதை நான் பார்த்தேன். "இங்கேயே இருக்கட்டும், எடுத்துக்கறேன்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவசர அவசரமாக எடுத்த படத்தில் அவர் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. அன்னம் முழுசாக விழுந்திருக்கிறது. சித்தப்பா அதை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், "அரை மணி பேசிண்டிருந்தோம்" என்கிறார். எதைப் பற்றி என்று யாரும் கேட்பதில்லை.

வரும் மார்கழியிலும் நீங்கள் மேடைக்குப் பின்னால் போகத்தான் போகிறீர்கள். சொன்னால் கேட்கிற ரகம் இல்லை நாம். போனால் முதலில் வயலின்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. வித்வானிடம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காதீர்கள், அவருக்குப் பசிக்கும். ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தூக்கில் இட்லியும் கடப்பாவும் கொண்டு போங்கள். பித்தளைச் சாமான் வேண்டாம்.