ஏட்டுச் சுரைக்காய்தான் ஏரோப்ளேன் ஏறும்

டிக்கெட்டு போட்டாச்சா மருமவனே? சந்தோசம். துபாய்க்கா? ரொம்ப சந்தோசம். உங்கம்மை ஊறுகாய் போட ஆரம்பிச்சுட்டா. உங்கப்பன் டீக்கடையில ரெண்டு ரவுண்டு சொல்லி முடிச்சுட்டான். நீ கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டே. எல்லாம் முறையாத்தான் நடந்திருக்கு. அந்தப் பாஸ்போர்ட்டை மட்டும் இங்கன கொண்டா, மாமன் ஒரு தரம் பாத்துக்கிடுதேன். என்னது? "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்"ங்கியா? அப்படிச் சொன்னவன்ல எத்தனை பேரு ஏர்போர்ட் வாசல்ல டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல ஊருக்குத் திரும்புனான்னு உனக்குத் தெரியாது. உக்காரு.

பாஸ்போர்ட்டுல உன் பேருக்கு ஒரு 'எச்' குறையுது. ஆதார்ல அந்த 'எச்' இருக்கு. டிக்கெட்டுல 'எச்'சும் இருக்கு, முன்னால உங்கப்பன் தலைப்பெழுத்தும் இருக்கு. பத்தாங்கிளாஸ் சான்றிதழ்ல எவனோ புண்ணியவான் கடைசியில ஒரு 'ஏ'வைக் கூடப் போட்டு வச்சிருக்கான். உங்கம்மை பெத்தது ஒரு பயலை. கவர்மெண்டு உன்னை நாலு பயலாக்கி வச்சிருக்கு. இதுல எவம்லே துபாய்க்குப் போறான்? மத்த மூணு பேரையும் நான் இங்க வச்சுச் சோறு போடணுமா?

சிரிக்காதே. நம்மூர்ல பேரை இங்கிலீஷ்ல எழுதுனவன் ஒவ்வொருத்தனும் ஒரு கவிராயன்தான். எட்மாஸ்டர் ஒரு விதமா எழுதுவாரு, ரேசன் கார்டு எழுத வந்தவன் இன்னொரு விதமா எழுதுவான், இ-சேவை மையத்துப் பிள்ளை பசி நேரத்துல தட்டுனது மூணாவது விதம். 'மு'வுக்கு ஒருத்தன் யூ போடுவான், ஒருத்தன் ரெண்டு ஓ போடுவான். 'ழ'வுக்கு எதைப் போடன்னு இன்னும் எவனும் முடிவு பண்ணலை. கவர்மெண்டே இதுல கையைச் சுட்டிருக்கு, தெரியும்லா? 2020-ல நம்ம தமிழ்நாட்டுல 1018 ஊர்ப் பேரை, தமிழ்ல சொல்லுத மாதிரியே இங்கிலீஷ்லயும் எழுதணும்னு ஆர்டர் போட்டாங்க. கோயம்புத்தூருக்கு எழுத்து கூடிப்போய் ஊர்ப் பலகை பத்தாதுன்னு சனங்க சிரிச்சுது. சேதி வெளிய வந்து ஒரு மாசம் ஆகுமுன்ன ஆர்டரைத் திரும்ப வாங்கிட்டாங்க. ஊருக்கு அந்த வசதி உண்டு. உனக்குக் கிடையாது. ஒருக்கா அச்சாயிட்டுன்னா அதுதான் நீ. உங்கம்மை வந்து சாட்சி சொன்னாலும் "நீங்க யாரும்மா"ன்னு கேப்பான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்லித்தானே உன்னை வளத்தோம்? அது ஊருக்குள்ள. ஏர்போர்ட்டுல ஏட்டுச் சுரைக்காயை மட்டும்தான் கறி வைப்பான். நீ தோட்டத்துல காய்ச்ச நிஜச் சுரைக்காயா குண்டாத் தளதளன்னு நின்னாலும் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்.

என்னலே சட்டைப்பையைத் தடவுதே? பேனாவா? ஒரு 'எச்' தானே, நாமளே போட்டுரலாம்னு பாக்கியா? போடு, அழகாப் போடு, எனக்கும் காட்டு. பாஸ்போர்ட் சட்டம்னு ஒண்ணு 1967-ல இருந்து இருக்கு. அதுல 12-ஆவது பிரிவு, இந்த மாதிரிக் கைவண்ணம் காட்டுதவங்களுக்குன்னே எழுதுனது. ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஐயாயிரம் ரூவா வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். துபாய் பிரியாணி வேண்டாம், பாளையங்கோட்டைக் களி போதும்னா தாராளமா எழுது. அதுவும் போக, போட்டோ இருக்க பக்கத்துல அடியில பாரு, அம்புக்குறி அம்புக்குறியா ரெண்டு வரி ஓடுதுல்லா? ஒரு வரிக்கு 44 கட்டம். மிசின் படிக்கது அதைத்தான். மேல நீ எச்சு போட்டா கீழ எவன் போடுவான்? உன் நம்பருக்கு, பொறந்த தேதிக்கு, காலாவதித் தேதிக்கு எல்லாம் அதுக்குள்ளயே ஒரு சரிபார்க்குத எண்ணு வச்சிருக்கான். ஒண்ணை நோண்டுனா இன்னொண்ணு காட்டிக்கொடுக்கும். புதுசா வார பாஸ்போர்ட்டுல சிப்பு வேற. அதுக்குப் பேனா எங்க வாங்குவே?

நோட்டரிகிட்டப் போய் "நானும் இவனும் ஒரே ஆள்தான்"னு முத்திரைத்தாள்ல எழுதி வாங்கிட்டு வாரேங்கியா? நல்ல யோசனை. நம்மூர் பேங்குல அதைக் காட்டி நகைக்கடன் வாங்கலாம். துபாய்ல இமிகிரேசன் மேசையில இருக்கவன் அதை எந்தப் பக்கம் நிமித்திப் பிடிக்கதுன்னு தெரியாம முழிப்பான்.

தலைப்பெழுத்து கதைக்கு வா. பாஸ்போர்ட் விண்ணப்பத்துல தலைப்பெழுத்தே கூடாது, விரிச்சுத்தான் எழுதணும். நம்ம ஆளுக சாதிப் பேரை வெட்டி எறிஞ்சுட்டு அப்பன் பேர்ல ஓரெழுத்தை மட்டும் முன்னால வச்சுக்கிட்டாங்க. நல்ல காரியம்தான், நானே மேடையில கைதட்டியிருக்கேன். ஆனா உலகத்துல பாதிப்பேரு குடும்பப் பேரு எங்கன்னு கேக்கான். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டவன், ஒத்தப் பேரோட அமெரிக்க விசாவுக்குப் போனா, அவன் பேரைத் தூக்கிக் குடும்பப் பேரு இடத்துல வச்சுட்டு, முதல் பேரு இடத்துல எஃப்.என்.யூ.ன்னு மூணு எழுத்தை அடிச்சுருவான். முதல் பேரு தெரியலையாம். பேரு வச்ச விழாவுக்கு கிடா வெட்டினவன் நான், எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியலை. நீ போற ஊரும் லேசுப்பட்டது இல்லை. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டுல ஒத்தப் பேரு வச்சிருக்கவனை டூரிஸ்டு விசா, விசிட் விசாவுல உள்ள விடமாட்டேன்னுட்டு. பொறவு, பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல அப்பன் பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஏத்துக்கிடுதோம்னு இறங்கி வந்தான். சரி, அப்பன் பேரை அந்தக் கட்டத்துல போட்டுட்டேன்னு வை. அங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் உன்னை உங்கப்பன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். இந்தத் தெருவுல அவன் பேரைச் சத்தமாச் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. அங்க கேண்டீன்காரன் கூவுவான், நீ கையைத் தூக்கணும்.

தேதி எப்படி இருக்கு? பாஸ்போர்ட்டுல சூன் மாசம், பிறப்புச் சான்றுல ஐப்பசி கழிஞ்சு. அதான பாத்தேன். எங்க காலத்துல வலக்கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொட்டா அஞ்சு வயசு, சூன் மாசத்துல ஒரு தேதி. எட்மாஸ்டரு கை ராசி, ஊர்ல பாதிப்பேரு கோடையிலதான் பொறந்தோம். நீ ஆஸ்பத்திரியில பொறந்தவன், உனக்கு என்ன கேடு? ஒரு வருசம் முன்னாடியே பள்ளிக்கூடத்துல தள்ளிவிடணும்னு உங்கப்பனுக்கு அவசரம். அவன் அன்னைக்குப் பிடிச்ச அவசரம் இன்னைக்கு உன்னை வந்து பிடிச்சிருக்கு.

எழுத்துப் பிழையை விட தேதிப் பிழை பொல்லாதது மருமவனே. பேர்ல ஓரெழுத்துன்னா ஆபீசர் சிரிச்சுட்டுச் செஞ்சு கொடுப்பாரு. தேதின்னா சந்தேகம் வந்துரும். அதனால அடியில இருக்க தாளுல இருந்து மேல வரணும். பிறப்புச் சான்றுல தப்புன்னா, எங்க பதிஞ்சுதோ அந்தப் பேரூராட்சியோ நகராட்சியோ, அங்கயே போய் எழுதிக் கொடுக்கணும். 1969-ல வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துல திருத்துததுக்கு வழி வச்சிருக்காங்க. சிலது தப்பா இருக்காது, காலியா இருக்கும். 'ஆண் குழந்தை'ன்னு போட்டு விட்டிருப்பான், பேரு வைக்குமுன்ன பதிஞ்சது. மீசை நரைச்சும் ஆண் குழந்தையாவே இருக்கவன் நம்ம தாலுகாவுல அனேகம். பொறவு ஆதார். அதையும் நெனச்ச நேரம் மாத்திக்கிட்டே இருக்க முடியாது. பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவை, பொறந்த தேதியை ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான் வரம். அந்த ஒரு தடவையை தப்பான தேதிக்கு மாத்திச் செலவழிச்சவனும் உண்டும். உங்க அக்காகிட்ட அவ மவனுக்காக ஒண்ணு சொல்லிவை. 2023 அக்டோபர் 1-ல இருந்து பொறந்த பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று ஒண்ணுதான் தேதிக்கு ஆதாரம், பள்ளிக்கூடத்துத் தாளெல்லாம் செல்லாது. அந்தப் பயல் சான்றை அவ இன்னைக்கே எடுத்துப் படிக்கட்டும்.

பாஸ்போர்ட்டைத் 'திருத்த' முடியாது, இதை நல்லாக் கேட்டுக்கோ. பழசை ரத்து பண்ணிட்டுப் புதுசு ஒண்ணு அடிச்சுத் தருவான். நம்பரும் புதுசு. அங்கதான் உன்னை மாதிரிக் கெட்டிக்காரன் எல்லாம் மாட்டுவான். விசாவை வாங்கி வச்சுட்டுப் பொறவு பாஸ்போர்ட்டை மாத்துனா, விசாவுல பழைய நம்பர்லா இருக்கும்? உன் விசா வந்துட்டா? இன்னும் ஏஜெண்டு கையிலதான் இருக்கா? தப்பிச்சேலே. இப்பமே போன் போட்டு நிறுத்து. பொறவு புது நம்பரைக் கொடுத்து எடுக்கட்டும். எடுத்து வந்ததும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டுப் பாரு. நம்ம பாஸ்போர்ட் நம்பரு முதல்ல எழுத்து, பொறவு எண்ணு. நடுவுல ஓ வராது, அது பூச்சியம்தான். ஏஜெண்டு ஆபீஸ்ல அவசரத்துல தட்டுதவன் அதைப் பாக்கவா போறான்? மேலத்தெருவுல ஒருத்தன் விசாவுல பொம்பளைன்னு போட்டிருந்துது. அவன் மீசையைப் பாத்திருக்கியே, முழ நீளம். கெளம்புததுக்கு முந்தின ராத்திரிதான் பாத்தான்.

இந்தப் பேப்பர் வேலையில நீ கண்ணு வைக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, சொல்லுதேன். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துல முதல் கவுண்டர்ல உன்னை உக்கார வச்சு போட்டோ எடுப்பான், ரேகை எடுப்பான். உன் விவரமெல்லாம் திரையில வரும், சரியா பாத்துக்கோங்கன்னு சொல்லுவான். எல்லாப் பயலும் அந்த நேரம்தான் தலைமுடியைக் கோதிக்கிட்டு இருக்கான். "சரி சார், சரி சார்"னு தலையாட்டிட்டு வந்துட்டு, வீட்டுக்குத் தபால்ல வந்த பொறவு கவர்மெண்டைத் திட்டுதான். நீ முடியை விட்டுரு. ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுப் படி. பின்னால நிக்கவன் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும், அவன் டிக்கெட் காசா உன்னோடது? அப்பன் பேரு, அம்மை பேரு, பொறந்த ஊரு, எல்லாத்தையும் படி.

அப்படியே இன்னொண்ணும் பாத்துரு. கடைசிப் பக்கத்துல ஈ.சி.ஆர்.னு இருக்கா? இருக்கு பாரு. நீ பத்து பாஸ் பண்ணுனவன்லா? விண்ணப்பத்தோட மார்க் சீட்டை வைக்காம விட்டிருக்கே, உன்னைப் படிக்காதவன் கணக்குல எழுதிட்டான். வளைகுடா நாடுகளையும் சேத்துப் பதினெட்டு நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா அந்த முத்திரை இருக்கவன் குடிபெயர்வு அனுமதி வாங்கணும். இந்தத் தடவை மார்க் சீட்டையும் வச்சுக் கொடு, இதுவும் சேந்து போயிரும். உன் மார்க்கு இதுக்காவது உதவட்டும்.

அரசிதழ்ல போட்டுப் பேரையே மாத்திருவோமாங்கியா? சென்னை அண்ணா சாலையில அதுக்கு அச்சுத்துறை ஆபீஸ் இருக்கு, போகலாம். பேரு அடியோட மாறுதவனுக்கு அந்த வழி, நாளிதழ்ல விளம்பரம் எல்லாம் உண்டும். ஓரெழுத்துக்கு அவ்வளவு தூரம் போவாங்களா? நம்பர் பாத்து ஆறு 'ஏ' போடச் சொன்ன ஜோசியக்காரன் பேச்சைக் கேட்டுப் போனவன்தான் அங்க வரிசையில நிப்பான்.

டிக்கெட்டுக்காரன் ஒண்ணு ரெண்டு எழுத்துத் தப்புன்னா சில பேரு சரி பண்ணிக் கொடுப்பான். ஆளையே மாத்துததுன்னா ஒருத்தனும் ஒத்துக்கிட மாட்டான், புது டிக்கெட்டுதான். இருந்தாலும் கேட்டுப் பாரு. புதுப் பாஸ்போர்ட்டுல எப்படி வருதோ அப்படியே இருக்கணும், தலைப்பெழுத்து வால் எதுவும் ஒட்டாம.

நாளைக்கே வேலையை ஆரம்பி. பள்ளிக்கூடத்துச் சான்று, ஆதார், பிறப்புச் சான்று மூணையும் எடுத்துக்கிட்டு வா, எது எங்க தப்புன்னு பாப்போம். தேதி எந்தத் தாளுல பிசகோ, அதை முதல்ல சரி பண்ணிட்டுத்தான் சேவா கேந்திரத்துக்குப் போகணும். 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூவா. தட்கல்னா மேல 2000. ஓரெழுத்துத் தப்புக்கு தட்கல்ல போகலாம், பேரே மாறுதுன்னா தட்கல் கிடையாது. அந்த 3500-ஐ மாமன் தாரேன். டிக்கெட்டுல போற காசை மட்டும் எங்கிட்ட கேக்காதே, அதை எட்மாஸ்டர்கிட்ட அவசரப்பட்ட உங்கப்பன்கிட்ட வாங்கிக்கோ.