பார்த்துட்டு வாறேன்: சாலைக் கடைத்தெருவில் பட்டு எடுத்தலும் எடுக்காமையும்

முதலாம் ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. கலம் என்றால் கப்பலா, உண்கலமா, அறுத்தல் என்றால் உடைத்தலா, திருத்தி அமைத்தலா என்று அறிஞர்கள் பல தலைமுறையாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அந்தச் சாலை திருவனந்தபுரத்து வலியசாலைப் பக்கம்தான் என்பது அவர்களில் ஒரு சாராரின் கட்சி. அதே வட்டாரத்தின் கடைத்தெருவில் பொழுது விடிந்தால் அடைந்தால் காதில் விழும் 'பார்த்துட்டு வாறேன்' என்ற தொடருக்கோ ஒருவரும் உரை எழுதவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் கேள்வி எளியது. கையால் நெய்து கையால் தைத்த பட்டுச் சாமான்களை ஒரு சின்னக் கடையில் ஜனங்கள் வாங்குவார்களா?

ஆய்வுக்களம் சாலைக் கம்போளம். கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் தெரு. திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியது என்பார்கள். அவர் பிறந்த குன்னத்தூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே பேரம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவதற்கு அவர்மேலும் கொஞ்சம் பழி போடலாம். நான் கவனித்த கடையில் இரண்டரை ஆள் நிற்கலாம். நாகர்கோவில் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நடத்துகிறார். நாலைந்து கைத்தறிப் பட்டுச் சேலை, பாவாடைத் துணி, வெட்டுத்துண்டில் அவர் வீட்டம்மா தைத்த சுருக்குப்பைகள். எதிரே டீக்கடை. எண்ணிக்கை எடுக்கத்தான் உட்கார்ந்தேன். எண்ணத் தொடங்கும்போதெல்லாம் டீ வந்துவிட்டதால் இந்த ஆய்வில் எண்கள் இல்லை.

முதலில் நேரடியாகவே கேட்டுப் பார்த்தேன். "கைத்தறிப் பட்டு வாங்குவீங்களா?" ஒருவர் விடாமல் எல்லோரும் "வாங்குவோமே" என்றார்கள். ஒரு மாமி நெசவாளர் படும் பாட்டை நினைத்துக் கண்கலங்கவும் செய்தார். இந்த 'வாங்குவோமே'யை அப்படியே நம்பினால் காஞ்சிபுரத்துத் தறிகள் இரவு பகலாக ஓடினாலும் போதாது. கடையிலோ அன்று போணியே ஆகவில்லை.

கேள்வியிலேயே பிழை இருப்பதை வீட்டம்மாதான் கண்டுபிடித்தார். "வாங்குவியளான்னா கேட்டிய? பட்டு ஆராவது வாங்குவாவளா? பட்டு எடுக்கதுல்லா!"

வினைச்சொல் ஆய்வில் இதை ஒரு திருப்பம் என்றே சொல்வேன். தமிழன் அரிசி வாங்குகிறான், செருப்பு வாங்குகிறான், அடி வாங்குகிறான். துணியை மட்டும் எடுக்கிறான். அதிலும் பட்டு எடுப்பது தனியாள் வேலை அன்று. மணப்பெண், அம்மா, அத்தை, சித்தி, எதிலும் குறை சொல்ல ஒரு பெரியம்மா, பணம் கொடுக்க வாசலோரம் ஓர் ஆண். பாயில் உட்கார வேண்டும், அடுக்கடுக்காய்ப் பிரித்துப்போட வேண்டும், முதலில் பார்த்ததையே கடைசியில் எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் மாடி வேண்டும், லிப்ட் வேண்டும், குளிர்ந்த காற்றும் கலர் பாட்டிலும் வேண்டும். இரண்டரை ஆள் கடையில் பட்டு எடுத்தல் என்ற வினை நிகழவே இடமில்லை. பெரியம்மா ஒருவரே ஒன்றே கால் ஆள்.

ஆக, சின்னக் கடைக்கு மிஞ்சுவது வாங்குதல் மட்டும்: சுருக்குப்பை, குழந்தைக்கு ஒரு பாவாடைத் துண்டு. தரம் குறைவு என்பது இதற்குக் காரணம் அன்று. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் பின்னிக்கொள்ள மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் துணைக்கு இன்னொரு கை வேண்டும். அந்த உழைப்பு பெரிய கடையிலும் சின்னக் கடையிலும் ஒன்றுதான். உட்காரும் பாய்தான் வேறு.

மலையாளிகள் விஷயம் இன்னும் நுட்பமானது. ஓணக்கோடி, செட்டு முண்டு, கசவு என்று அவர்கள் மங்கலமெல்லாம் பருத்தியில். அந்தப் பருத்திக்குப் பேர்போன பலராமபுரமும் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய சாலியர்களின் தறிதான் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்பம் போட்டிக்கும் நம்ம ஆளுதானா?" என்று பெருமூச்சு விட்டார்.

அவருடைய பெரும் நஷ்டம் ஒரு மலையாளச் சொல்லால் வந்தது: 'கொள்ளாம்'. கொள் என்றால் பழந்தமிழில் வாங்கு என்பதும் ஒரு பொருள். கொள்முதல் என்று இன்றும் எழுதுகிறோம். ஒரு சேச்சி சேலையைத் தடவி "கொள்ளாம்" என்றதும், கடைக்குப் புதிதான அண்ணாச்சி அதை மடித்துப் பையில் போட்டுப் பில்லும் எழுதிவிட்டாராம். மலையாளத்தில் அதற்கு 'நன்றாயிருக்கிறது' என்றுதான் அர்த்தம். நன்றாயிருக்கிறது என்று சொன்னவர் எதையும் வாங்கியதாகச் சாலையின் வரலாற்றில் செய்தி இல்லை.

வாங்கப் போகிறவர் திட்டுவார். இது என் கள ஆய்வின் உறுதியான முடிவு. சாயம் போகுமா, ஜரிகை கறுக்குமா, கரை ஏன் ஒரு நூல் ஏறி இறங்கியிருக்கிறது என்று கேட்பவர் மனசுக்குள் ஏற்கெனவே அதைக் கட்டிப் பார்த்துவிட்டார். ஓரத்தில் வரிசையாய்ப் பொடிப்பொடி ஊசித்துளை இருக்கிறதே என்று ஒருவர் சண்டை பிடித்தார். தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கோலின் தடம் அது, கைத்தறிக்கு அதுவே அடையாளம் என்று அண்ணாச்சி விளக்கினார். "அடையாளத்துக்கு முத்திரை இருக்குமே, அது எங்கே?" என்றார் அவர். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் பட்டுக்கு சில்க் மார்க் உண்டு, 2006 முதல் கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. இரண்டையும் காட்டினார். கையால் செய்தது என்பதை மெஷினில் அச்சடித்த சீட்டு சொன்ன பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. திட்டிக்கொண்டே இரண்டு வாங்கினார்.

இன்னொரு அம்மா தீப்பரீட்சை கேட்டார். அண்ணாச்சி பாவில் ஒரு நூலும் ஊடையில் ஒரு நூலும் உருவிக் கொளுத்தினார். தலைமயிர் தீய்ந்த வாடை அடித்தது. சாம்பல் விரலில் பொடிந்தது. பாலியஸ்டராக இருந்தால் உருகி மணியாய் உறைந்திருக்கும். அம்மா முகர்ந்தார், திருப்தியாய்த் தலையாட்டினார், "அசல்தான். ஒண்ணு சுத்திப் பார்த்துட்டு வாறேன்" என்றார்.

இப்போது அந்த வாறேன். புறப்படும்போது 'போறேன்' என்பது நமக்கு அபசகுனம். வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, சில சமயம் வேலையைவிட்டே போகிறவன்கூட 'போயிட்டு வாறேன்' என்கிறான். தொல்காப்பியர் இதற்கு முன்பே இடம் வைத்திருக்கிறார்: வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்பது கிளவியாக்கத்தில் விதி. கடைக்காரர் முன்னிலை. எனவே அவரிடம் 'வாறேன்' என்பதில் இலக்கண வழு ஏதுமில்லை. ஆள் வந்தாரா என்பது எழுத்து, சொல், பொருள் மூன்று அதிகாரத்துக்கும் வெளியே நிற்கிறது. 'உங்கள் பட்டு எனக்கு வேண்டாம்' என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்ல நம் மொழியில் வாக்கியம் உண்டு, வாய்தான் இல்லை. இந்த ஊரில் எந்தச் சந்தைக் கணக்கெடுப்பும் தோற்பது இங்கேதான்.

இலக்கியச் சான்று வேண்டுவோருக்குக் கோவலன் இருக்கிறான். மதுரைக்குள் போய் வணிகரைக் கண்டு வருவதாகக் கவுந்தியடிகளிடம் சொல்லிப் புறப்பட்டவன் நூலும் மயிரும் பட்டும் அடுக்கடுக்காய்க் குவிந்த துணித் தெரு வழியே நடக்கிறான். ஏதும் எடுத்ததாக இளங்கோ எழுதவில்லை. சொன்னபடி திரும்பியும் வந்தான். விற்கப் போனவன்தான் திரும்பவில்லை. இந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை.

அவர் கடையில் மேலே ஒரு தட்டு உண்டு. 'வாறேன்' என்றவர்கள் பிடித்து வைத்ததை நூல் கட்டி அதில் எடுத்து வைப்பார். வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். வீட்டம்மா இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார். நானும் என் முடிவுகளை எடுத்துச் சொன்னேன். தமிழில் வருவினை எதிர்காலம் அன்று, மரியாதைப் பன்மை போல அது ஒரு மரியாதைக் காலம், நம்பிச் சரக்கை முடக்காதீர்கள் என்றேன். ஆய்வுக்கு மதிப்புக் கொடுத்து, ஆற்றுகால் பொங்காலைக்கு முந்தின நாள், ஊரே பெண்களாய் நிரம்பியிருந்தபோது, தட்டிலிருந்த அத்தனையையும் இறக்கி வைத்தார். ஒரு பச்சைச் சுருக்குப்பை உடனே போயிற்று.

மறுநாள் மத்தியானம், கண்ணில் அடுப்புப் புகையும் கையில் மூடிய பானையுமாய் ஓர் அக்கா வந்து நின்றார். போன வருஷப் பொங்காலைக்கு வந்தபோது பார்த்து வைத்த பச்சைப் பையைக் கேட்டார். விற்றுப்போச்சே என்று அண்ணாச்சி சொன்னார். அதேபோல் இன்னொன்று கேட்டார். கைவேலை, துண்டுக்குத் துண்டு வேறாக இருக்கும், அதேபோல் இன்னொன்று கிடையாது என்றார் வீட்டம்மா.

அக்கா பானையைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணாச்சி இது? நான்தான் வாறேன்னு சொல்லிட்டுல்லா போனேன்!"

அண்ணாச்சி டீக்கடைப் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். நான் பெஞ்சுக்கு இந்தப் பக்கமாய் உட்கார்ந்திருந்தேன்.