எந்த ஊர் உப்பளம்?

இப்போது ஆரோவில் பக்கத்து எங்கள் குயிலாப்பாளையத்துப் பிள்ளைகள் வெளிநாட்டுக்காரர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காலையில் பேக்கரி வாசலில் ரொட்டிக்கு நிற்கிறவர்களிலும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸை ஊதி ஊதிக் குடிக்கிறவர்களிலும், வாடகை ஸ்கூட்டரில் கடற்கரைப் பக்கம் பறக்கிறவர்களிலும் பாதிப்பேர் ஏதோ ஒரு தூர தேசத்து முகம்தான். என் சிறு வயதில், ஆரோவில்காரர்கள் நட்ட கன்றுகள் இன்னும் ஆள் உயரம் வளராத அந்தச் செம்மண் மேட்டில் ஒரு வெள்ளைக்காரர் சைக்கிள் மிதித்துப் போனால், மாடு மேய்க்கிற பையன்களில் இருந்து முந்திரிக்கொட்டை பொறுக்குகிற பெண்கள் வரைக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அவர் நின்றால் நாங்களும் நிற்போம். சிரித்தால் வெட்கப்பட்டுக் கலைந்து, மறுபடி கூடுவோம்.

எங்கள் ஆயாவின் கணக்கில் வெள்ளைக்காரர்கள் இரண்டே வகை: ஆம்பளை என்றால் பாதிரியார், பொம்பளை என்றால் டாக்டரம்மா. “இவங்க சாமி கும்பிடச் சொல்ல வந்தவங்க இல்ல ஆயா, மரம் நட வந்தவங்க” என்று எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் எதிரே வந்த பிரெஞ்சுக்காரப் பெண்ணிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்பாள். அந்தப் பெண்ணும் உள்ளே போய்த் தைலப் புட்டி ஒன்றை எடுத்து வந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயா அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்தது திண்டிவனத்துக்குப் பக்கம். அமெரிக்க ஆற்காடு மிஷன் வேரூன்றியிருந்த சீமை அது. அந்தப் பக்கத்துக் கிழவிகள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1890-இல் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தாள். ராணிப்பேட்டையில் பிறந்தவள்தான், ஆனால் பஞ்சத்தையும் புழுதியையும் கண்ட இந்த மண்ணில் தங்கிவிடும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அம்மாவுக்குத் தேறியதும் கப்பலேற வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் இரவு பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், மற்றொரு இந்து என்று மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அவளுடைய அப்பா மருத்துவர், உடனே வரத் தயார். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம், நீ வா என்றார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தாள். 1900 ஜனவரி முதல் நாளில் இந்தியா வந்து சேர்ந்தாள். வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் 1902-இல் ஆஸ்பத்திரியானது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. ஐடாவும் உடன் வேலை செய்தவர்களும் குடியாத்தம் சாலையோரம் மரத்தடிக்கு மரத்தடி வண்டியை நிறுத்திப் புண்ணுக்கு மருந்து போட்டு, கண்ணைப் பார்த்து, அடுத்த மரத்துக்குப் போவார்களாம். அந்த ஆஸ்பத்திரி வளர்ந்து ஆன வேலூர் சி.எம்.சி.யில் இன்று டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த மரத்தடிகள்மேல் ஓர் ஏக்கம் வருகிறது. அதே நேரம், ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்துக்கு என் வீட்டு நோயாளியை அனுப்பச் சம்மதிப்பேனா என்றால், மாட்டேன்.

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் மாதக்கணக்கில் கப்பலில் வந்து யாழ்ப்பாணம் சேர்ந்தவர். அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். அவர்கள் காலத்தில் வெளிநாட்டு ஊழியம் என்றால் அநேகமாக வாழ்நாள் முழுக்கத்தான். அதற்கும் முன்னால், 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பெரியவர் ஒருவர் குழந்தைகளுக்கு நடுவே சம்மணம் போட்டுத் தமிழ் எழுதுகிற அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் இளகும்.

நான் திண்டிவனத்தில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தபோது அந்த நீண்ட கால ஊழியர்களின் காலம் முடிகிற தறுவாயில் இருந்தது. ஆட்கள் குறைந்தாலும் வெளிநாட்டிலிருந்து தபால் வந்துகொண்டிருந்தது. முகம் தெரியாத யாரோ ஒரு அம்மாள் நீல ஏரோகிராமில் சாய்ந்த கையெழுத்தில் எழுதுவார்; வார்டன் படித்துத் தமிழில் சொல்வார்; பதில் எழுதி, அது போய், மறுபதில் வருவதற்குள் பரீட்சை முடிந்து விடுமுறையே வந்துவிடும். காத்திருந்த அந்த நாட்களெல்லாம் அந்த அம்மாள் என்னோடுதான் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. டிசம்பரில், அங்கே யாருக்கோ வந்து முடிந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் மூட்டையாக வரும். அதில் ஒன்றை ஊருக்கு எடுத்துப்போய் ஆயாவிடம் காட்டினேன். ஓட்டுக்கூரை வீடு, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் வெண்பனி. மரக்காணம் அளத்தில் உப்பு வாரிய கைகளில் அதை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எந்த ஊர் உப்பளம்டா இது? இம்புட்டு வெளைஞ்சிருக்கு, வார ஒரு ஆளைக் காணோமே!”

இப்போது பள்ளி விடுமுறையில் இரண்டு வார ஊழியத்துக்கென்று வெளிநாட்டு இளைஞர்கள் குழுவாக வருகிறார்கள், சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், பிள்ளைகளோடு பாடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், விமானம் ஏறுகிறார்கள். அப்படிப் பல நாடுகளில் நடக்கிறது. நம் நாட்டிலோ மதப்பணிக்கென்று தனி விசா உண்டு, சுற்றுலா விசாவில் வந்து அந்த வேலை செய்ய அனுமதி இல்லை. இந்த இரண்டு வாரக்காரர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்களோடு சேர்வதில்லை. ஐடாவும் கொஞ்ச காலத்துக்கென்று வந்தவள்தானே! கதவு தட்டுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் அவள் இருந்தாள். குழுவாக வந்து குழுவாகவே தங்கித் திரும்புகிற பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் கிடைக்கிறதா என்பதுதான் என் கவலை.

திசையும் மாறிவிட்டது. 1776-இல் பாரிஸ் மிஷன் குருக்கள் புதுச்சேரிப் பணியை ஏற்ற காலத்துக்கும் முன்பிருந்தே ஊழியர்கள் ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்தார்கள். இன்று ஜெர்மனியில் எத்தனையோ ஊர்க் கோயில்களில் பூசை வைப்பது நம் பக்கத்துச் சாமியார்கள். தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி, கன்னியர் சபையில் சேர்ந்து நர்சிங் முடித்தவள், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். தினமும் ராத்திரி வீடியோவில் அம்மாவோடு பேசிவிடுகிறாள், ஏரோகிராமுக்கு வேலையில்லை. போன மாதம் என்னிடமும் பேசினாள். பரீட்சைக்குப் படித்த ஜெர்மன் வேறாம், பல் இல்லாத கிழவர்கள் பேசுகிற ஜெர்மன் வேறாம். வேலை முடிந்தபிறகும் அரைமணி நேரம் ஒரு பாட்டியின் கட்டிலோரம் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்கிறாளாம். “எங்க வலிக்குதுன்னு அவங்க சொல்றது எனக்குப் புரியணும்ல, பெரியப்பா” என்றாள்.