எதால வகுக்கிறே, பேராண்டி?

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. அந்த டேப்பை மொதல்ல சுருட்டு. நேத்து பூரா நீ தெருவை அளந்ததுல, ரோட்டை அகலம் பண்ண ஆள் வந்துட்டாங்கன்னு பாதித் தெரு பத்திரத்தைத் தேடுது. எதிர்வூட்டுக் கிழவி அவ திண்ணையை வுட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குறா.

நகரமைப்பு படிக்கிறே, சந்தோஷம். சின்ன காஞ்சிபுரத்துல குடியிருப்பு அடர்த்தி இன்னா, நிலத்தை ஜனங்க சிக்கனமா பயன்படுத்துறாங்களான்னு பார்த்து எழுதிக்கினு வரச் சொல்லிட்டாரு உங்க வாத்தியாரு. தலையை எண்ணு, நிலத்தால வகுன்னு நீயும் கிளம்பிட்டே. எண்ணுறது சுலபம்டா. வகுக்கிற எடத்துலதான் சூது.

இந்த வூட்டையே எடுத்துக்கோ. இருபதடி அகலம், அறுபதடி நீளம், அரை கிரவுண்டு. உள்ளே ஏழு பேரு. போனைத் தட்டு. சதுர கிலோமீட்டருக்கு 62,000 பேருக்கு மேல வருதா? 2011 கணக்கெடுப்புல மெட்ராஸ் ஜில்லாவுக்கே 26,553தான். அப்போ நானும் உங்க பாட்டியும் மெட்ராசைவிட ரெண்டு மடங்கு நெரிசல்லதான் குடித்தனம் பண்ணியிருக்கோம். தெரிஞ்சிருந்தா அப்பவே கொஞ்சம் சண்டை போட்டிருப்போம். சரி, இப்ப தெருவையும் சேர்த்து வகு. எறங்கும். வரதராஜர் கோயிலையும் குளத்தையும் சேரு. இன்னும் எறங்கும். வேகவதி ஆத்தையும் சுத்துப்பட்டுக் கழனியையும் சேர்த்துட்டியானா எங்க தெருவே காத்தாட ஆயிடும், காகிதத்துல. ஆளு ஒருத்தன் நகரலை, கோடுதான் நகர்ந்துச்சு.

இந்தக் கணக்கு உங்க காலேஜுல கண்டுபிடிச்சதுன்னு நெனச்சுக்காதே. 1001ஆம் வருஷ வாக்குல ராஜராஜ சோழன் நாட்டையே அளந்தான். அளந்த அதிகாரிக்கு உலகளந்தான்னே பட்டம். வேலிங்கிற நில அளவை 5,200 கோடிக்கும் மேல கூறு போட்டு, அதுல ஒரு கூறு வரைக்கும் கணக்கு எழுதினாங்கன்னு சொல்லுவாங்க. அந்த நுணுக்கத்தை வுடு. அவங்க செஞ்ச இன்னொண்ணைப் பாரு. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்லுல இருக்குது. ஊரோட மொத்த நிலத்தை மொதல்ல சொல்லுவான். அப்புறம் ஊர்நத்தம், கோயில், குளம், குறுக்கே ஓடுற வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாத்தையும் கழிப்பான். மிச்சம் நிக்கிற நிலத்துக்குத்தான் வரி. எதைக் கழிக்கணும்னு தெரிஞ்சப்புறம்தான் கோலைக் கையில எடுத்தான். நீ டேப்பை எடுத்துட்டு அப்புறம் யோசிக்கிறே.

வெள்ளைக்காரனும் சும்மா இல்லை. 1763ல நவாப்பு செங்கல்பட்டு ஜாகீரைக் கும்பினிக்குக் குடுத்தாரு. நம்ம காஞ்சிபுரமும் அதுல சேர்ந்ததுதான். தாமஸ் பர்னார்டுன்னு ஒரு இஞ்சினீர் 1767லேருந்து ஏழு வருஷம் ஏறக்குறைய ரெண்டாயிரம் ஊரை அளந்தாரு. ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, தரிசு எவ்வளவு, வூட்டு மனை எவ்வளவு, எந்தத் தொழில்காரனுக்கு எத்தனை வூடுன்னு தனித்தனியா எழுதினாரு. அவருக்கு வரி வேணும், அதனால பொறுமையும் இருந்துச்சு. உனக்கு மார்க்குதானே வேணும்.

இப்ப நம்ம சென்சஸ் கதைக்கு வா. ஒரு எடத்தைப் பட்டணம்னு சொல்ல மூணு கட்டளை: 5,000 ஜனம் இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேரு இருக்கணும், முக்கியமா வேலை பாக்குற ஆம்பிளைங்கள்ல நூத்துக்கு 75 பேரு விவசாயம் இல்லாத வேலை பாக்கணும். பொம்பளைங்க கழனியில நாத்து நட்டாலும் சரி, வூட்டுல நூல் இழைச்சாலும் சரி, ஊரு பட்டணமா பட்டிக்காடான்னு தீர்மானிக்கிறதுல அவங்களுக்கு ஓட்டு கிடையாது. உங்க பாட்டிகிட்ட இதைச் சொல்லிடாதே, எனக்கு ராத்திரி சோறு வேணும். இன்னொரு வேடிக்கை கேளு. காடு, மலை, ஏரி எல்லாம் சேர்த்தே 2011ல தமிழ்நாட்டுக்கு சதுர கிலோமீட்டருக்கு 555 பேரு. 400ங்கிற வாசப்படியை மாநிலமே மொத்தமா தாண்டி நிக்குது. அப்புறம் கிராமத்துல மட்டும் நெருக்கம் இல்லையா இன்னா? ஊரைச் சுத்திக் கழனி பரந்து கிடக்குது, ஆனா நத்தத்துக்குள்ள போய்ப் பாரு. சுவத்தோட சுவர் ஒட்டி, ஒருத்தன் தும்மினா மூணு வூட்டுல ஆயுசு நூறு சொல்லுவாங்க. கழனியையும் சேர்த்து வகுத்துட்டு, கிராமத்துல நெருக்கமே இல்லைன்னு எழுதுவே நீ.

நிலத்தைச் சிக்கனமா பயன்படுத்துறதுன்னா இன்னான்னு கேட்டியே, உள்ளே வா காட்டுறேன். இந்தக் கூடத்துல தறி. ராத்திரி தறிக்கு அந்தாண்ட உங்கப்பன் படுப்பான். மேலே பரண், நூலும் சாமானும். கீழே பார், பள்ளம். தரைக்குள்ள காலை வுட்டுக்கினு நெய்யுறோம். மனையைப்போல எத்தனை பங்கு தளம் கட்டலாம்னு ஒரு குறியீடு வெச்சிருக்கீங்களே, எஃப்.எஸ்.ஐ.யோ இன்னமோ, 2019 விதியில சாதாரணக் கட்டடத்துக்கு ரெண்டு, உசந்த கட்டடத்துக்கு மூணேகால். என் காலு இருக்குற பள்ளம் எந்தக் கணக்குல வரும்? உன் படத்துல இந்த வூட்டுக்கு மஞ்சள் அடிச்சு ‘குடியிருப்பு’ன்னு போட்டிருக்கே. குடியிருக்கிறது நாங்க இல்லை, தறிதான். நாங்க அதுகிட்ட ஒண்டிக்கினு இருக்கோம். வெளியில தெருவுல விடியக்காலம் பாவு நீட்டுவோம். மூணு புடவைக்கான பாவு, நீட்டுறதுக்கு எந்த வூட்டுக்குள்ளயும் இடம் பத்தாது. வெயில் ஏறுறதுக்குள்ள கஞ்சி போட்டு ஒணத்திச் சுருட்டியாவணும். அப்புறம் அதே தெருவுல ஸ்கூல் புள்ளைங்க, சாயங்காலம் சாமி புறப்பாடு, ராத்திரி கட்டில். நீ அதுக்குப் பேரு ‘சாலை’ன்னு எழுதி, சாம்பல் கலரு பூசிட்டே.

2019ல வரதராஜர் கோயில் குளத்துலேருந்து அத்தி வரதர் எழுந்தாரே, நீ ஸ்கூல் பையன், கையைப் பிடிச்சுக்கினு நின்னேன். ஜூலை 1லேருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும். ஒரு கோடிப் பேரு வந்தாங்கன்னு சொன்னாங்க. வகுத்துப் பார், நாளைக்கு ரெண்டு லட்சம். 2011ல காஞ்சிபுரம் நகராட்சியோட மொத்த ஜனமே 1,64,384. அதாவது தினம் ஒரு காஞ்சிபுரம் வந்து, இந்தச் சின்ன காஞ்சிபுரத்துக்குள்ள நுழைஞ்சு, திண்ணையில உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போச்சு. எந்தக் கணக்கெடுப்புலயாவது இருக்குதா? அவரு பாட்டுக்கு நாப்பது வருஷத்துக்கு மறுபடி அந்த அனந்தசரஸ் குளத்துக்குள்ள போய்ப் படுத்துட்டாரு. பட்டா கேக்கலை. இடத்தைச் சிக்கனமா பயன்படுத்துறதுன்னா அவருகிட்டதான்டா படிக்கணும்.

ஊருக்கு வெளியில மெயின் ரோட்டுமேல போய்ப் பாரு. வரிசையா வளைவு, வளைவுக்கு ஒரு ‘நகர்’. உள்ளே மஞ்சள் கல்லு, கல்லுக்குக் கல்லு சீமைக் கருவேலம். உங்க மாமன்கூட ஒரு மனை வாங்கி வெச்சிருக்கான், பதினஞ்சு வருஷமா அங்க ஓணான்தான் குடித்தனம். அதை அளந்தியா? மாட்டே. அது வருங்கால வளர்ச்சி. ஆனா பக்கத்துல நெல்லு வெளையுற ஊரைப் பார்த்தா மட்டும் ஆளு கம்மி, இடம் நிறையன்னு தோணிடும். பரந்தூர்ல விமான நிலையம்னு 2022ல சொன்னாங்க, அதுக்கு எடுக்கப்போற நிலம் அஞ்சாயிரம் ஏக்கருக்கும் மேல. அதுல ஊரே போவுதுன்னு ஏகனாபுரத்து ஜனம் வருஷக்கணக்கா முறுக்கிக்கினு நின்னுச்சு. பெரிய காஞ்சிபுரத்துல உலகளந்த பெருமாள் இருக்காரே, போய்ச் சேவிச்சுட்டு வா. ரெண்டடி அளந்துட்டு மூணாவது அடியை யார் தலையில வெச்சாருன்னு நல்லாப் பாத்துக்கோ.

சரி, விடிஞ்சு மணி அஞ்சே முக்கால் ஆச்சு, பேசிக்கினே இருந்துட்டேன். ஏதோ ஒரு காரு குறுக்கால நிக்குது பார், அவனை எழுப்பி நகர்த்தச் சொல்லு. அந்த டேப்பைத் தூக்கித் திண்ணையில போடு. இந்தா, பாவு நுனியைப் பிடிச்சுக்கினு கிழவி வூட்டு வரைக்கும் போ. அங்கேயே நில்லு, தளர வுட்டுடாதே.