கை ஈரமாக இருக்கும் நேரம்

கேள்வி: பொருளோடு வரும் கையேட்டை யாருமே படிப்பதில்லையே, பிறகு எதற்கு அச்சடிக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: படிக்கிறோமே, வாஷிங் மெஷின் மக்கர் பண்ணும்போது! துணி பாதி நனைந்து, கை ஈரமாக, திரையில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் மினுக்கும் நேரம் அது. அப்போது, ‘எங்கள் தயாரிப்பை வாங்கியதற்கு நன்றி’ என்ற பக்கம் எதற்கு? ‘தண்ணீர் ஏறவில்லையா? குழாய் திறந்திருக்கிறதா பாருங்கள். ஹோஸ் மாட்டும் இடத்திலுள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள்’ என்பதுதான் வேண்டும்.

கணினியிலும் இதே கதைதான். ஐ.பி.எம். ஆய்வாளர் ஜான் கேரல், அதைப் புதிதாகக் கற்றவர்களைப் பக்கத்திலிருந்து கவனித்தார். கையேட்டைப் படித்து முடிக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. அதற்குள் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. சுருக்கமாக எழுது, செய்யும் வேலையிலிருந்து தொடங்கு, தவறினால் மீளும் வழியைச் சொல் என்பது 1990இல் வெளிவந்த அவர் நூலின் சாரம். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் உயிர். ஆள் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரிய, எழுதுகிறவர் முதலில் சர்வீஸ் சென்டர் போன் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார வேண்டும்.

ஆன்லைன் உதவிக்கும் அதே கணக்குதான். ‘நீர் உள்வரவுக் கோளாறு’ என்று தலைப்பு வைத்தால் யார் தேடுவார்? ‘தண்ணி வரல’ என்று தட்டினாலும் அந்தப் பக்கம் திறக்க வேண்டும்.