நடிகைமூலம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஹாலிவுட்டில் நடிகைமூலமும் அப்படித்தான். மெர்ல் ஓபரானின் மூலத்தைத் தேடிப் போனவர்கள் டாஸ்மேனியாவுக்குக் கப்பலேறி, கடைசியில் பம்பாயில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

1911-இல் பம்பாயில் பிறந்தபோது அம்மணியின் பெயர் எஸ்டெல் மெர்ல் ஓப்ரையன் தாம்சன். செல்லப் பெயர் குவீனி. அந்த ஓப்ரையனைத்தான் பிற்பாடு லண்டனில் இழுத்து நீவி ஓபரான் ஆக்கினார்கள். வளர்த்தவர் சார்லட் செல்பி, இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட யுரேஷியப் பெண்மணி. அவரை அம்மா என்றும், அவர் மகள் கான்ஸ்டன்ஸை அக்கா என்றும் குழந்தைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் அக்காதான் அம்மா, அம்மா பாட்டி. பெற்றபோது அக்காவுக்கு வயது 12 என்கிறார்கள். இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, நகர்வோம்.

கல்கத்தாவில் லா மார்ட்டினியர் பள்ளியில் படிப்பு. கலப்பினம் என்ற ஏளனம் தாங்காமல் அதுவும் பாதியில் நின்றது. பிறகு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பகலில் ‘நம்பர் ப்ளீஸ்’, ராத்திரியில் ஃபிர்ப்போஸ் உணவகத்து நடனம். அங்கிருந்து ஐரோப்பா. லண்டனில் படத் தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டா கண்ணில் பட்டு, 1933-இல் ‘எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை’ படத்தில் ஆன் போலினாக வந்தார். வந்த வேகத்தில் தலை போகும் பாத்திரம். ஆனாலும் ஊரே அந்தத் தலையைத்தான் பார்த்தது.

இப்போது ஒரு பிரச்சினை. நட்சத்திரத்துக்கு ஒரு சொந்த ஊர் வேண்டும்; பம்பாய் என்று வாய்விட முடியாது. பூகோளப் படத்தை விரித்துப் பார்த்து விளம்பரக்காரர்கள் விரல் வைத்த இடம் டாஸ்மேனியா. பிரிட்டிஷ் கொடி பறக்கிற ஊர், வெள்ளைக்காரர் ஊர், எல்லாவற்றுக்கும் மேலாக, போய் விசாரித்துவிட்டு வர மாதக்கணக்காகும் ஊர். பிறப்புப் பதிவேடு? தீ விபத்தில் எரிந்துவிட்டதாம். ஆவணங்கள் எந்த நாட்டிலும் சௌகரியமான நேரத்தில்தான் தீப்பிடிக்கின்றன.

மெர்லைத் திட்டுவதற்கு முன்னால் அமெரிக்காவின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். 1924-இன் குடிவரவுச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவை அடைத்திருந்தது. 1934-இலிருந்து கறாராக அமலான ஹேஸ் தணிக்கை விதிகள், திரையில் நிறம் மாறிக் காதலிப்பதையே தடை செய்தன. பம்பாய்க்காரி என்று தெரிந்தால் 1939-இல் ‘வதரிங் ஹைட்ஸ்’ படத்தில் லாரன்ஸ் ஒலிவியருக்கு ஜோடியாகியிருக்க முடியாது. காப்பி டம்ளர் எடுத்து வைக்கும் வேலைக்காரி வேடம் கிடைத்திருக்கலாம்.

அந்த வேடம் வேறொருவருக்குப் போனது. லண்டன் வீட்டில் கூடவே இருந்த சார்லட்டை விருந்தாளிகளுக்கு வேலைக்காரி என்று அறிமுகப்படுத்தினார் மெர்ல். ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்துக்காக ஆஸ்கர் போட்டிக்குள் நுழைந்தது மகள். வீட்டில் நடித்தது இரண்டு பேர். 1937-இல் சார்லட் இறந்தார். 1949-இல் மகளுக்கு ஞாபகம் வந்து, பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து அம்மாவை ஓவியமாக வரையச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை: நிறத்தைக் கொஞ்சம் வெளுத்துவிடுங்கள். செத்த பிறகும் சார்லட்டுக்கு மேக்கப் கலையவில்லை.

வெளுப்பதற்கு விஞ்ஞானமும் ஒத்தாசை செய்தது. 1937 கார் விபத்தில் மெர்லின் முகத்தில் வடுக்கள் விழுந்தன. அதையே சாக்காக வைத்து கோர்டா, மெர்ல் நடித்துவந்த, இழுபறியில் கிடந்த ‘ஐ, கிளாடியஸ்’ படத்தைக் கைகழுவினார். கோர்டாவை 1939-இல் மணந்து, அவருக்கு சர் பட்டம் வந்ததும் லேடி கோர்டாவாகி, 1945-இல் அதையும் உதறினார். அடுத்த கணவர் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட். கேமராவை ஒட்டிப் பொருத்தும் ஒரு சின்ன விளக்கைக் கண்டுபிடித்து, நேர்வெளிச்சத்தில் வடுக்களைக் காணாமல் அடித்த புண்ணியவான். அந்த விளக்குக்கு மனைவி பெயரால் ‘ஓபி’ என்றே பெயர் நிலைத்தது. கல்யாணம் ரொம்ப நாள் தாங்கவில்லை, விளக்கு தாங்கியது.

1978-இல் விதி சிரித்தது. டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட், ‘மண்ணின் மகளு’க்கு மேயர் தலைமையில் வரவேற்பு வைத்தது. வாழ்நாளில் பார்த்திராத பிறந்த ஊருக்கு வந்திறங்கினார் மெர்ல். வந்தவரைச் சுற்றிக் கேள்விகள். உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டத்திலிருந்து நழுவினார். அடுத்த ஆண்டு நவம்பரில் காலமானார்.

1983-இல் வாழ்க்கை வரலாறு வெளிவந்து பூசணிக்காய் சோற்றிலிருந்து எழுந்து உட்கார்ந்தது. பம்பாய்ப் பிறப்புச் சான்றிதழும் கிடைத்தது. டாஸ்மேனியாக்காரர்கள் மட்டும் அசையவில்லை. அவள் எங்கள் ஊர்ச் சீனப் பெண்ணுக்குப் பிறந்தவள் என்று, 2002-இல் வெளியான ஆவணப்படத்தை எடுக்கப் போனவர்களிடமும் சாதித்தார்கள். பொய் சொன்னவரே போய்ச் சேர்ந்த பிறகும் பொய்யைக் கைவிடாத விசுவாசம் வேறு எந்த ரசிகனுக்கு வரும்?

2023-இல் மிஷெல் யோ சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது பத்திரிகைகள் முதல் ஆசிய நடிகை என்று எழுதப் போய், 1935-ஐ நினைத்துப் பேனாவைக் கடித்தன. கடைசியில் ‘தன்னை ஆசியர் என்று சொல்லிக்கொள்ளும் முதல் நடிகை’ என்று எழுதின. நடுவில் நுழைந்த அந்த ‘சொல்லிக்கொள்ளும்’தான் மெர்ல் ஓபரான்.